பிள்ளைகள் பயன்படுத்தும் வீட்டுக் கணினியில் இணையதளங்களைக் கட்டுப்படுத்துவது எப்படி?

பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே ஒரு கணினிதான். பெற்றோர் அதில் வங்கிக் கணக்கையும் அலுவலக மின்னஞ்சலையும் பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதிலேயே படம் வரைகிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளோ மகனோ அதிலேயே பள்ளிச் செயல்திட்டத்துக்குத் தகவல் தேடுகிறார். எல்லோரும் ஒரே பயனர் கணக்கில், பல நேரங்களில் கடவுச்சொல்லே இல்லாமல், நுழைகிறார்கள். இந்த நிலையில் எவ்வளவு நல்ல தடுப்பு மென்பொருளை நிறுவினாலும், அதை நீக்கிவிடும் உரிமையும் பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. ஆகவே இணையதளக் கட்டுப்பாட்டை வடிகட்டியிலிருந்து தொடங்கக் கூடாது, கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்பவர்களே அதிகம் என்பதால்தான் இதை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன்.

கீழே உள்ள வழிமுறைகள் விண்டோஸ் 11-ஐ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விண்டோஸ் 10-லும் இவற்றில் பெரும்பாலானவை செயல்படும். ஆனால் அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. பிள்ளைகள் இணையத்தில் உலவும் கணினியில் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தைத் தொடர்ந்து வைத்திருப்பது தனியான ஓர் ஆபத்து என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

முதலில் கணக்குகளைப் பிரியுங்கள்

விண்டோஸில் பயனர் கணக்குகள் இரண்டு வகைப்படும். நிர்வாகி கணக்கு வைத்திருப்பவர் மென்பொருளை நிறுவலாம், நீக்கலாம், பிணைய அமைப்புகளை மாற்றலாம், மற்றவர்களின் கடவுச்சொல்லையும் மாற்றலாம். 'ஸ்டாண்டர்டு' எனப்படும் சாதாரணக் கணக்கில் இருப்பவர் இவற்றில் ஒன்றைச் செய்ய முயன்றால், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு பெட்டி திறக்கும். பிள்ளைக்கு இரண்டாவது வகைக் கணக்குதான் தர வேண்டும்.

'செட்டிங்ஸ்' திறந்து, 'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் 'அதர் யூசர்ஸ்' என்பதற்குச் செல்லுங்கள். பிள்ளை இப்போது பயன்படுத்தும் கணக்கே கணினியின் ஒரே நிர்வாகி கணக்காக இருந்தால், முதலில் உங்களுக்கென்று ஒரு புதிய கணக்கை உருவாக்கி, அதை நிர்வாகியாக மாற்றி, வலுவான கடவுச்சொல் அமைத்து, அதில் ஒருமுறை நுழைந்து சரிபாருங்கள். அதன் பிறகே பிள்ளையின் கணக்கைத் தேர்ந்தெடுத்து, 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' மூலம் 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று மாற்றுங்கள். பிள்ளையின் கோப்புகளும் படங்களும் அப்படியே இருக்கும். குறைவது உரிமை மட்டுமே. நிர்வாகி கடவுச்சொல்லாகப் பிறந்த ஆண்டையோ, கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ வைக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் முதலில் முயல்வது அவற்றைத்தான்.

மைக்ரோசாஃப்டின் குடும்பக் கணக்கு

கணக்குகளைப் பிரித்த பிறகு, காசு செலவில்லாமல் கிடைக்கும் முதல் கருவி மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி. இது இயங்குவதற்குப் பிள்ளையின் பெயரில் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு இருக்க வேண்டும், அந்தக் கணக்கைக் கொண்டே பிள்ளை கணினியில் நுழைய வேண்டும். இணையத்தோடு தொடர்பில்லாத உள்ளூர்க் கணக்கில் இது வேலை செய்யாது. 'அக்கவுன்ட்ஸ்' பகுதியிலுள்ள 'ஃபேமிலி' என்பதில் பிள்ளையைச் சேர்க்கலாம். பிறந்த தேதியைக் கேட்கும்போது உண்மையான தேதியைக் கொடுங்கள், ஏனெனில் வயதைப் பொறுத்தே பல கட்டுப்பாடுகள் தாமாக அமைகின்றன.

பிறகு உங்கள் கைபேசியிலுள்ள ஃபேமிலி சேஃப்டி செயலியிலோ அதன் இணையதளத்திலோ பிள்ளையின் பெயரைத் தொட்டு, வலைத்தள வடிகட்டியை இயக்கினால், வயதுவந்தோருக்கான தளங்கள் தடுக்கப்படும், பிங் தேடலில் பாதுகாப்பான தேடல் கட்டாயமாகும். தடுக்க வேண்டிய தளங்களையும் எப்போதும் அனுமதிக்க வேண்டிய தளங்களையும் நீங்களே பட்டியலிடலாம். பிள்ளை தடுக்கப்பட்ட தளம் ஒன்றுக்குச் செல்ல முயன்றால் அனுமதி கேட்கும் வழியும் திரையில் வரும். அந்தக் கோரிக்கை உங்களுக்கு வந்து சேரும்.

இந்த வடிகட்டி எட்ஜ் உலாவியில் மட்டுமே செயல்படும். அதனால்தான் அதை இயக்கியதும் குரோம், பயர்பாக்ஸ் போன்ற வழக்கமான பிற உலாவிகள் பிள்ளையின் கணக்கில் தடுக்கப்படுகின்றன. 'குரோம் திறக்கவில்லை' என்று பிள்ளை வந்து நிற்கும்போது இரக்கப்பட்டு அதை மட்டும் அனுமதித்துவிட்டால், வடிகட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம். ஒரே உலாவி என்பது இங்கே குறையல்ல. பின்னால் சொல்லப்போகும் பல ஓட்டைகளை அதுவே அடைத்துவிடுகிறது.

'அனுமதித்த தளங்கள் மட்டும்' என்றொரு தெரிவும் இதில் உண்டு. ஏறத்தாழப் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். தடுப்புப் பட்டியல் என்பது உலகத்தில் உள்ள எல்லாக் கெட்ட தளங்களையும் யாரோ ஒருவர் முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அனுமதிப் பட்டியலுக்கு அந்த நம்பிக்கை தேவையில்லை. சிறு பிள்ளைக்கு வேண்டிய தளங்களும் உண்மையில் மிகச் சிலவே: தமிழ்நாடு பாடநூல்கள் கிடைக்கும் தளம், டிக்‌ஷா, தமிழ் விக்கிப்பீடியா, நிரல் எழுதிப் பழகுவதற்கான ஸ்க்ராட்ச், கணக்குப் பாடங்களுக்குக் கான் அகாடமி, தமிழ் இணையக் கல்விக்கழகம், இவற்றோடு பள்ளி பயன்படுத்தும் தளம். தொடக்கத்தில் சில நாள் சலிப்பு இருக்கும். ஒரு தளம் தன் காணொளியையோ நுழைவுப் பக்கத்தையோ வேறொரு முகவரியிலிருந்து கொண்டுவந்தால், அது பாதியில் நிற்கலாம். அப்போது அந்த முகவரியையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதே முறையைத் திணிப்பது சரிவராது. செயல்திட்டம் ஒன்றுக்கு ஒரே மாலையில் முன்பின் தெரியாத இருபது தளங்களைப் பார்க்க வேண்டியவருக்கு ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கச் சொன்னால், அவர் நண்பரின் கைபேசியைத் தேடிப் போய்விடுவார். அந்த வயதுக்கு வகைவாரியான தடுப்பே பொருத்தம். அதற்கு டிஎன்எஸ் வடிகட்டிதான் எளிய கருவி.

டிஎன்எஸ் வடிகட்டி

உலாவியில் ஒரு தளத்தின் பெயரை இட்டதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி என்னவென்று கணினி ஒரு டிஎன்எஸ் வழங்கியிடம் கேட்கிறது. வழக்கமாக அது உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் வழங்கியாக இருக்கும். அதற்குப் பதிலாக, தகாத தளங்களின் பெயர்களுக்கு விடை சொல்ல மறுக்கும் வழங்கி ஒன்றைக் கணினியில் அமைத்துவிட்டால், உலாவியின் சொந்த அமைப்பை மாற்றாத வரை, எந்த உலாவியில் முயன்றாலும் அந்தத் தளம் திறக்காது. மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை, கணினியின் வேகமும் குறையாது.

இலவசமாகக் கிடைப்பவற்றுள் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய குடும்பச் சேவையின் எண்கள் 1.1.1.3 மற்றும் 1.0.0.3 ஆகும். தீநிரல் பரப்பும் தளங்களையும் வயதுவந்தோருக்கான தளங்களையும் இது தடுக்கிறது. ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டின் எண்கள் 208.67.222.123, 208.67.220.123. கிளீன்பிரவுசிங் குடும்ப வடிகட்டியின் எண்கள் 185.228.168.168, 185.228.169.168, இது இவற்றுள் கண்டிப்பானது. கூகுள், பிங் தேடல்களையும் யூடியூபையும் பாதுகாப்பான முறைக்குத் தானாகவே மாற்றுவதோடு, தடுப்பைச் சுற்றிப்போக உதவும் விபிஎன், பிராக்ஸி தளங்களையும் தடுக்கிறது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கிளீன்பிரவுசிங்கும், பெரியவர்களும் அதே இணைப்பைத் தாராளமாகப் பயன்படுத்தும் வீட்டுக்குக் கிளவுட்ஃபிளேரும் ஏற்றவை என்பது என் கருத்து.

எந்த வடிகட்டியும் தவறு செய்யும் என்பதற்குக் கிளவுட்ஃபிளேரே சான்று. சேவை தொடங்கிய அன்றே, பால் புதுமையினருக்கான தகவல் தளங்கள் பலவற்றைத் தவறான வகைப்பாட்டினால் தடுத்துவிட்டு, அந்நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. உடல்நலம், பருவ மாற்றம் குறித்த நல்ல பக்கங்களும் இப்படிச் சிக்கக்கூடும் என்பதால், 'தடுக்கப்பட்டது' என்ற செய்தியைப் பார்த்தவுடன் பிள்ளை ஏதோ தவறு செய்ததாக முடிவு கட்டாதீர்கள்.

அமைக்கும் முறை இது. நிர்வாகி கணக்கில் நுழைந்து, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' திறந்து, 'வைஃபை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையின் பண்புகளும் 'ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ்' என்பதும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவதில் செய்யும் மாற்றம் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் பொருந்தும். பிள்ளை கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்தவுடன் வடிகட்டி மறைந்துவிடும். இரண்டாவதில் செய்யும் மாற்றமோ அந்தக் கணினி சேரும் எல்லா வைஃபைக்கும் பொருந்தும். 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' என்பதற்கு எதிரே 'எடிட்' அழுத்தி, 'மேனுவல்' ஆக மாற்றி, ஐபிவி4-ஐ இயக்கி, முதல் கட்டத்தில் 1.1.1.3 என்றும் அடுத்ததில் 1.0.0.3 என்றும் இட்டுச் சேமியுங்கள். கேபிள் வழியாகவும் இணைப்பு இருந்தால் 'ஈதர்நெட்' பகுதியிலும் இதையே செய்யுங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, முதல் கட்டத்தில் வடிகட்டும் எண்ணை இட்டுவிட்டு, 'ஒருவேளை அது வேலை செய்யாவிட்டால்' என்று இரண்டாம் கட்டத்தில் கூகுளின் 8.8.8.8-ஐ இடுவது. முதல் வழங்கியிடமிருந்து விடை தாமதமானால் கணினி இரண்டாவதிடம் கேட்கும். அதுவோ எதையும் மறைக்காது. இரண்டு கட்டங்களிலும் ஒரே சேவையின் எண்களே இருக்க வேண்டும். மற்றொன்று, இணைய எண் முகவரியின் புதிய வகையான ஐபிவி6-ஐ மறந்துவிடுவது. நம் நாட்டில் பல இணைப்புகள் இப்போது ஐபிவி6-உடனேயே வருகின்றன. அதற்கான டிஎன்எஸ் 'ஆட்டோமேட்டிக்' என்றே விடப்பட்டிருந்தால், கணினி அந்த வழியாகச் சேவை நிறுவனத்தின் வழங்கியைக் கேட்டு, தடுத்த தளத்தையும் திறந்துவிடும். அதே பக்கத்தில் ஐபிவி6-ஐயும் இயக்கி, கிளவுட்ஃபிளேரின் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 ஆகிய முகவரிகளை இடுங்கள். 'எண்ணை மாற்றியும் பலனில்லை' என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மேலே சொன்ன கிளவுட்ஃபிளேர் எண்கள் சூதாட்டத் தளங்களையோ சமூக ஊடகங்களையோ தடுக்காது. பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சூதாட்டமும் முக்கியமான கவலை என்பதால், வகைகளை நீங்களே தேர்ந்தெடுக்கும் சேவை ஒன்று தேவைப்படலாம். ஓப்பன்டிஎன்எஸ் ஹோம் இதற்குப் பெயர்பெற்றது. ஆனால் அது உங்கள் வீட்டின் பொது ஐபி முகவரியை வைத்தே உங்களை அடையாளம் காண்கிறது. இந்தியாவில் பல சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. அத்தகைய இணைப்பில் அது சரியாக அமையாது. நெக்ஸ்ட்டிஎன்எஸ் என்ற சேவைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதில் கணக்குத் தொடங்கினால் உங்களுக்கென்று தனி முகவரி ஒன்று கிடைக்கும். விண்டோஸ் 11-இல் அதை எப்படி இடுவது என்பதை அவர்களுடைய 'செட்டப்' பக்கம் படிப்படியாகக் காட்டுகிறது. ஆபாசம், சூதாட்டம், சமூக ஊடகம் என வகைவாரியாகத் தடுக்கலாம். குறிப்பிட்ட விளையாட்டுகளைத் தனியாகத் தடுக்கலாம். தடுப்பைச் சுற்றிப்போகும் வழிகளை அடைக்கவும் ஒரு பொத்தான் உண்டு. மாதம் 3,00,000 வினவல்கள் வரை, அதாவது கணினி அத்தனை முறை முகவரி கேட்கும் வரை, இலவசம். அந்த எல்லையைத் தாண்டினால் இணையம் நிற்காது, வடிகட்டுதல்தான் நிற்கும். ஆகவே மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற பதிவு அதில் சேரும் என்பதையும், வேண்டாமென்றால் அந்தப் பதிவை நிறுத்தலாம் என்பதையும் அறிந்திருங்கள்.

டிஎன்எஸ் வடிகட்டியின் எல்லை தெளிவானது. அது தளத்தின் பெயரை மட்டுமே பார்க்கிறது. தளத்துக்குள் இருக்கும் பக்கத்தை அல்ல. ரெட்டிட் போன்ற ஒரு தளத்தை முழுவதும் திறக்கலாம் அல்லது முழுவதும் மூடலாம். அதற்குள் ஒரு பகுதியை மட்டும் மூட முடியாது.

யூடியூப்

யூடியூபை மூடிவிடுவது எளிது. ஆனால் கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் அங்கேதான் இருக்கின்றன. அதன் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' முதிர்ந்த உள்ளடக்கம் கொண்ட காணொளிகளைக் குறைக்கிறது, கருத்துப் பகுதியையும் மறைத்துவிடுகிறது. எனினும் அதை உலாவியில் இயக்கினால் அந்த உலாவிக்கு மட்டுமே பொருந்தும். பிள்ளை ஒரே சொடுக்கில் நீக்கிவிடலாம். கிளீன்பிரவுசிங் அல்லது நெக்ஸ்ட்டிஎன்எஸ் வழியாகக் கட்டாயமாக்கினால் நீக்க முடியாது. இந்த முறை எல்லா மொழிகளிலும் இருந்தாலும் தரம் ஒரே மாதிரி இராது என்று யூடியூபே சொல்கிறது. ஆகவே சிறு பிள்ளை தமிழ்க் காணொளிகளைப் பார்க்கும் நேரத்தில், கணினியைக் கூடத்தில், திரை எல்லோருக்கும் தெரியும்படி வைப்பதற்கு நிகரான வடிகட்டி இல்லை.

ரவுட்டரிலும் ஒருமுறை

கணினியில் இட்ட அதே எண்களை ரவுட்டரில் இட்டால், வீட்டு வைஃபையில் இணையும் கைபேசி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் வடிகட்டி பொருந்தும். உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இட்டால் பெரும்பாலான ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கம் திறக்கும். சரியான முகவரியும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியிலுள்ள வில்லையில் அச்சிடப்பட்டிருக்கும். 'டிஹெச்சிபி' அல்லது 'லேன்' பகுதியில் டிஎன்எஸ் எண்களை மாற்றிவிட்டு, நிர்வாகக் கடவுச்சொல்லையும் உடனே மாற்றிவிடுங்கள், ஏனெனில் பிள்ளைக்கும் அந்த வில்லை தெரியும். சேவை நிறுவனம் தந்த ரவுட்டரில் இந்தப் பகுதி பூட்டப்பட்டிருந்தால், சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி அதனுடன் கேபிளில் இணைத்து, வீட்டினர் அனைவரும் புதியதன் வைஃபையையே பயன்படுத்தும்படி செய்து, பழையதன் வைஃபையை நிறுத்திவிடலாம்.

மூன்று நான்கு தளங்களை மட்டும் மூட வேண்டுமானால் தளப் பெயர்களுக்கான முகவரிகளைக் கணினிக்குள்ளேயே எழுதிவைக்கும் விண்டோஸின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பே போதும். நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று சென்று அந்தக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் 0.0.0.0 என்றெழுதி, ஓர் இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரை எழுதுங்கள். 'www' என்ற முன்னொட்டு உள்ள பெயருக்கும் இல்லாத பெயருக்கும் தனித்தனி வரி வேண்டும். பட்டியல் நீளும்போது இம்முறை கைவிட வேண்டியதாகிவிடும்.

மேக் கணினியில் 'ஸ்க்ரீன் டைம்' பகுதியிலேயே வயதுவந்தோர் தளங்களைக் குறைக்கவும், அனுமதித்த தளங்களை மட்டும் திறக்கவும் வசதி இருக்கிறது. அதற்கென்று தனிக் கடவுக்குறியை அமைக்க மறக்காதீர்கள்.

பிள்ளைகள் கண்டுபிடிக்கும் வழிகள்

எல்லாவற்றையும் அமைத்த பிறகு, பிள்ளையின் கணக்கில் நீங்களே நுழைந்து, தடுப்பை மீற முயன்று பாருங்கள். மறைநிலைச் சாளரத்தில் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். படத் தேடலில் ஒரு சொல்லை இட்டுப் பாருங்கள். மாற்றம் செய்த உடனே பழைய விடையே வந்தால், கணினி அதை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும்.

மிகப் பெரிய ஓட்டை உலாவியின் உள்ளேயே இருக்கிறது. குரோமிலும் பயர்பாக்ஸிலும் 'செக்யூர் டிஎன்எஸ்' என்ற அமைப்பு உண்டு; அதில் வேறொரு சேவையைத் தேர்ந்தெடுத்தால், கணினியிலும் ரவுட்டரிலும் நீங்கள் இட்ட எண்களை உலாவி பொருட்படுத்தாது. இதற்கு நிர்வாகி உரிமை தேவையில்லை. குரோமை நிர்வாகி உரிமை இல்லாமலே தன் கணக்குக்குள் நிறுவிக்கொள்ளவும் முடியும். பென் டிரைவிலிருந்து இயங்கும் உலாவிகளும் உள்ளன. உலாவி நீட்சியாக வரும் இலவச விபிஎன்களும் இதே வேலையைச் செய்கின்றன, அதோடு பிள்ளையின் இணையப் போக்குவரத்தை முன்பின் தெரியாத யாரிடமோ ஒப்படைத்தும் விடுகின்றன. ஃபேமிலி சேஃப்டியையும் டிஎன்எஸ் வடிகட்டியையும் சேர்த்தே பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்: முதலாவது பிற உலாவிகளைத் தடுக்கிறது, இரண்டாவது அதிலிருந்து தப்புவதைப் பிடிக்கிறது. பிள்ளையின் உலாவியில் நீட்சிகளின் பட்டியலை அவ்வப்போது பார்ப்பதும் அவசியம்.

இன்னொரு வழி, விண்டோஸையே தொடாமல் கணினியைத் தொடங்குவது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியபோது வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. அத்தகைய கணினி இன்னும் வீட்டில் ஓடினால், விண்டோஸில் நீங்கள் செய்த எந்த அமைப்பும் லினக்ஸ் பக்கம் செல்லாது. அங்கேயும் தனிக் கணக்கும் டிஎன்எஸ் எண்ணும் வேண்டும். லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கணினியைத் தொடங்குவதும் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாத வித்தை அல்ல. விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் எனும் கணினியின் அடிப்படை அமைப்பில் ஒரு கடவுச்சொல்லை இட்டு, வெளிச் சாதனத்திலிருந்து தொடங்குவதை நிறுத்திவைத்தால் இந்த வழி அடைபடும். அந்தக் கடவுச்சொல்லைப் பத்திரமான இடத்தில் எழுதி வையுங்கள். மறந்துபோனால் சில கணினிகளைப் பழுதுபார்க்கும் மையத்துக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

கைபேசியின் மொபைல் தரவுக்கு இவை எதுவும் பொருந்தாது. பிள்ளையிடம் ஆண்ட்ராய்டு கைபேசி இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்கைத் தனியாக அமைக்க வேண்டும்.

பதின்வயதுப் பிள்ளையிடம் என்ன தடுக்கப்பட்டிருக்கிறது, எதெல்லாம் பதிவாகிறது, பாடத்துக்கு வேண்டிய தளம் சிக்கினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றை அமைக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்த கண்காணிப்பை அவர் ஒருநாள் கண்டுபிடிப்பார். அதன் பிறகு இணையத்தில் யாராவது மிரட்டினாலும் உங்களிடம் வந்து சொல்லத் தயங்குவார். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதையும் அப்போதே சொல்லி வையுங்கள்.

விண்டோஸின் பெரிய புதுப்பிப்புக்குப் பிறகும், ரவுட்டரை மாற்றும்போதும், சேவை நிறுவனத்தின் பணியாளர் வந்து இணைப்பைச் சரிசெய்துவிட்டுப் போன பிறகும் டிஎன்எஸ் எண்களை மீண்டும் பாருங்கள். ரவுட்டரின் பின்புறத்தில் ஊசி முனையால் அழுத்தும் சிறு துளை ஒன்று இருக்கும். அதைச் சில நொடிகள் அழுத்தினால் நீங்கள் இட்டவை எல்லாம் அழிந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். வீட்டு வைஃபையின் பெயர் திடீரென்று பழைய பெயருக்கு மாறியிருந்தால், அந்தத் துளை அழுத்தப்பட்டிருக்கிறது என்று கொண்டு, ரவுட்டர் அமைப்பை முதலிலிருந்து செய்யுங்கள்.